பொறி விழுந்தும் பற்றாத மருந்து

துப்பாக்கிக்கும் எனக்கும் உள்ள உறவு, தீபாவளிக்குச் சுருள் கேப்பு வைத்துச் சுடும் தகரத் துப்பாக்கியோடு முடிந்துபோன ஒன்று. ஆகவே இந்தக் கட்டுரையின் பொருளைக் கண்டு, “இவனுக்கு இது என்ன வேலை?” என்று நண்பர்கள் வியக்கக்கூடும். வேலை தானாகவே வந்து சேர்ந்தது. எங்கள் விடுதியில் என் அறைக்கு இரண்டு அறை தள்ளி அமெரிக்க மாணவர் ஒருவர் தங்கியிருக்கிறார். பழைய சென்னைப் பட்டாளத்தின் வரலாற்றை ஆராய வந்தவர். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பார். நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் மூன்று முறை வரிசையில் நின்று சர்க்கரைப் பொங்கல் வாங்கியவர் என்றால் பலருக்கு நினைவு வரும். நான் இரசாயனம் படிப்பவன் என்று அறிந்த நாள் முதல் அவர் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டு வந்தார். கருமருந்தும் எரிகிறது, அதற்குப் பதிலாகக் கடையில் விற்கும் மாற்று மருந்தும் எரிகிறது. அப்படியிருக்க, அன்று தம் துப்பாக்கி ஏன் உடனே வெடிக்கவில்லை என்பதே அக்கேள்வி.

அந்த ‘அன்று’ எது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அவருடைய ஊர் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ளது. அங்கே 1974ஆம் ஆண்டு முதல் ஒரு விசித்திரமான வேட்டைப் பருவம் நடந்து வருகிறது. கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் தொடங்கும் அந்தப் பருவத்தில் மான் வேட்டையாட விரும்புவோர், சக்கிமுக்கிக் கல்லால் பொறி தட்டி வெடிக்கும் துப்பாக்கியை மட்டுமே எடுத்துச் செல்லலாம். இருநூறு ஆண்டுக்கு முந்திய கருவியைச் சட்டமே கையில் கொடுக்கிறது என்க. 2021ஆம் ஆண்டு டிசம்பரில் நம் நண்பர் தம் சிற்றப்பாவோடு அவ்வாறு புறப்பட்டார். அந்த ஆண்டு கருமருந்து எளிதில் கிடைக்கவில்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். கடையில் இருந்தது மாற்று மருந்து. அதைக் குழலுக்குள் இட்டுக் கெட்டித்தார். பொறி விழும் கிண்ணியில் மட்டும், தாத்தாவின் கொம்புச் சிமிழில் மிஞ்சியிருந்த பழைய கருமருந்தை ஒரு சிட்டிகை இட்டார். மான் வந்தது. விசையை இழுத்தார். கிண்ணியில் பளிச்சென்று சுடர் எழுந்தது, புகை வந்தது, வெடிச்சத்தம் வரவில்லை. மான் பாய்ந்து மறைந்தது. ஏமாற்றத்தோடு துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கிச் சிற்றப்பாவின் பக்கம் திரும்பினார். குழலின் வாய் தாழ்ந்து திரும்பிக் கொண்டிருந்த அந்த நேரத்தில் அது வெடித்தது. குண்டு சிற்றப்பாவின் காலணிக்கு ஒரு சாண் தள்ளிப் பனியில் புதைந்தது.

அதன் பிறகு இருவரும் வீடு வரும் வரை ஒரு சொல்லும் பேசவில்லையாம். இரண்டு மூச்சு இழுத்து விடும் நேரம் அந்த மருந்து குழலுக்குள் என்ன செய்துகொண்டிருந்தது என்பதே இக்கட்டுரையின் வினா.

முதலில் கருவியைப் பார்ப்போம். இன்றைய துப்பாக்கியில் குண்டும் மருந்தும் ஒரே தோட்டாவுக்குள் அடைபட்டிருக்கின்றன. பழைய துப்பாக்கியில் அப்படியன்று. குழலின் வாய் வழியாக மருந்தை அளந்து கொட்டி, அதன் மேல் துணியில் பொதிந்த ஈயக் குண்டை வைத்து, நீண்ட சலாகையால் அடி வரை தள்ளி இறுக்க வேண்டும். நம் கிராமங்களில் பயிர்க்காவலுக்கு வைத்திருக்கும் நாட்டுத் துப்பாக்கியும் இவ்வகையே. குழலின் அடிப்பக்கத்தில், பக்கவாட்டில், ஊசித்துளை போன்ற ஒரு சிறு துளை உண்டு. பற்றுவாய் என்பது அதற்கு நம் பழைய தமிழ்ப் பெயர். எவ்வளவு பொருத்தமான பெயர்! பற்றுவாய்க்கு வெளியே ஒரு சிறு கிண்ணி. அதில் மிக நைசான மருந்து. விசையை இழுத்தால், கல்லைக் கவ்விய குதிரை பாய்ந்து ஓர் எஃகுத் தகட்டை உராய்கிறது. பொறி கிண்ணியில் விழுகிறது. கிண்ணி மருந்து எரிகிறது. அதன் சுடர் பற்றுவாய் வழியே உள்ளே எட்டிப் பார்க்கிறது. உள்ளே இருக்கும் மருந்து பற்றிக்கொண்டால் வெடி; பற்றாவிட்டால் வெறும் புகை.

ஆக, நெருப்பு இரண்டு இடங்களில் தேர்வு எழுத வேண்டியிருக்கிறது. கிண்ணியில் ஒன்று, பற்றுவாயில் ஒன்று. நம் நண்பரின் துப்பாக்கி முதல் தேர்வில் தேறிவிட்டது.

இந்தப் பொறி என்பது உண்மையில் யாது? கல் எரிவதில்லை. கூர்மையான கல் எஃகிலிருந்து நுண்ணிய துணுக்குகளைச் சீவி எறிகிறது. உராய்வில் சூடேறிய அத்துணுக்குகள் காற்றிலுள்ள பிராணவாயுவோடு கலந்து எரிகின்றன. அவற்றின் உஷ்ணநிலை ஆயிரம் பாகைக்கு மேல் போகும். ஆயினும் உஷ்ணநிலை வேறு, உஷ்ணத்தின் அளவு வேறு என்பதைப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். கொல்லன் பட்டறையில் பறக்கும் பொறி புறங்கையில் விழுந்தால் சுருக்கென்று குத்திவிட்டு அணைந்து போகிறது. அதே உலையில் காய்ந்த கம்பி பட்டால் தோல் உரிந்து போகும். பொறியிடம் இருப்பது ஒரு துளி உஷ்ணம். அந்தத் துளியையும் சிந்தவிடாமல் வாங்கிக்கொண்டு பற்றக்கூடிய பொருளே கிண்ணிக்கு உகந்தது. வைக்கோல் பற்றும் தீக்குச்சியில் ஈர விறகு பற்றுமா?

அப்படிப்பட்ட வைக்கோல்தான் கருமருந்து. வெடியுப்பு முக்கால் பங்கு, மீதிக் கால் பங்கில் கரி சற்று அதிகம், கந்தகம் சற்றுக் குறைவு. வெடியுப்பு பிராணவாயுவைத் தருகிறது, கரி எரிபொருள். கந்தகத்தின் தொழில்தான் நமக்கு இங்கே முக்கியம். அதுவும் எரிகிறது என்பதோடு நின்றால் பாதிதான் சொன்னதாகும். வெடியுப்பு உருக 334 பாகை சென்டிகிரேட் வேண்டும். கந்தகமோ 115 பாகை அளவிலேயே உருகிவிடுகிறது. உருகிய கந்தகம் கரியையும் உப்பையும் நனைத்து நெருக்கி, குறைந்த உஷ்ணத்திலேயே அவற்றின் உறவைத் தொடங்கி வைக்கிறது. கல்யாணத்துக்குத் தரகர் போல என்று எங்கள் ஆசிரியர் ஒருவர் வகுப்பில் சொன்னார். உவமை எனக்கு முழுதும் பிடிக்கவில்லை, ஏனெனில் இந்தத் தரகர் தாமும் சேர்ந்து எரிந்து போகிறார்.

கரியிலும் சாதி உண்டு. நன்றாகச் சுட்டெடுத்து எல்லா ஆவியும் போன கரியை விட, சிறிது ஆவிப்பொருள் மிஞ்சிய மெல்லிய மரத்தின் கரி விரைவில் பற்றும். ஐரோப்பாவில் வில்லோ, ஆல்டர் முதலிய மென்மரங்களைத் தேடினர். வங்காளத்தில் இச்சாப்பூர் மருந்தாலையில் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் துவரஞ்செடியின் மிளாரைச் சுட்டுக் கரி எடுத்தனர். சாம்பாருக்குப் பருப்பு, துப்பாக்கிக்குக் கரி. துவரையின் பெருமையை யாரும் பாடாமல் விட்டது வியப்பே.

இன்னும் ஒன்று. கருமருந்தை மாவாக விடுவதில்லை. அழுத்தி, உடைத்து, சலித்து, மணிமணியாக ஆக்குகிறார்கள். மணிகளுக்கிடையே இடைவெளி இருப்பதால் முதல் மணி பற்றியதும் சுடர் அந்தச் சந்துகளில் ஓடி எல்லா மணிகளையும் நக்கிவிடுகிறது. மணி சிறிதானால் அதன் எடைக்குப் புறப்பரப்பு மிகுதி. ஆகவே விரைவில் பற்றும். அமெரிக்கர் இதனை எஃப் என்னும் எழுத்தால் குறிக்கின்றனர். எஃப் எத்தனை கூடுகிறதோ அத்தனை நைசு. பெரிய வாயுள்ள துப்பாக்கிக்கு இரண்டு எஃப், சிறியதற்கு மூன்று, கிண்ணிக்கு நான்கு.

கிண்ணியை எவ்வளவு நிரப்புவது என்பதில் பெரியவர்களிடையே பூசலே உண்டு. பற்றுவாயை மூடும்படி மருந்தைக் குவித்தால் அது திரி போல மெல்ல எரிந்து உள்ளே போகும். ஆகவே துளையை விட்டு விலக்கி வை என்பது வழிவழி வந்த உபதேசம். வினாடியின் ஆயிரத்தில் பங்கை அளக்கும் கருவி கொண்டு பிற்காலத்தில் சோதித்தவர்களோ, மருந்து துளையை நெருங்கி இருக்கும்போதுதான் விரைவாகப் பற்றுகிறது என்று கண்டனர். நூறாண்டு உபதேசம் ஒரு பிற்பகலில் சாய்ந்தது. துளைக்குள்ளேயே மருந்தைத் திணிக்கக் கூடாது என்பதில் மட்டும் இரு கட்சியாரும் ஒன்றுபடுகின்றனர்.

இவ்வளவு உகந்த மருந்தை வைத்தும் சக்கிமுக்கித் துப்பாக்கி எத்தனை முறை ஏமாற்றும்? இதற்குச் சரியான கணக்கு இருக்கிறது. 1834இல் இங்கிலாந்தில் உல்விச் என்னும் இடத்தில் பழைய சக்கிமுக்கித் துப்பாக்கியையும், அப்போது புதிதாக வந்திருந்த கேப்புத் துப்பாக்கியையும் ஒப்பிட்டு, ஒவ்வொன்றிலும் 6,000 முறை சுட்டுப் பார்த்தனர். கேப்புத் துப்பாக்கி 36 முறை வெடிக்கவில்லை. சக்கிமுக்கித் துப்பாக்கி 922 முறை வெடிக்கவில்லை. ஆறரை முறைக்கு ஒரு முறை! வேட்டைக்காரனுக்கு அது போன மான். சிப்பாய்க்கு அது எதிரில் நிற்பவனின் ஈட்டி.

இது வெறும் பேச்சன்று. என் நண்பர் தம் ஆராய்ச்சிக் குறிப்பிலிருந்து ஒரு நிகழ்ச்சியைக் காட்டினார். அதைப் படித்த பிறகுதான் இந்தப் பொருளில் எனக்கே அக்கறை பிறந்தது. 1841ஆம் ஆண்டு மே மாத இறுதி. அபினி யுத்தம் நடக்கிறது. சீனத்தில் காண்டன் நகருக்கு வடக்கே, சான்யுவான்லி என்னும் ஊர்ப் பக்கம், ஆயிரக்கணக்கான கிராமத்தார் ஆங்கிலப் படையை எதிர்த்துத் திரண்டனர். அவர்களுடைய நிலத்தில் அந்நியர் புகுந்திருந்தனர். அவர்கள் கோபத்தை நாம் குறை சொல்ல முடியாது. இடியும் மழையுமாகக் கொட்டிற்று. சென்னைப் பட்டாளத்தின் 37ஆம் ரெஜிமெண்டைச் சேர்ந்த ஒரு கம்பெனி, ஏறத்தாழ அறுபது பேர், வழி தவறிப் பிரிந்து, வயல்வெளியில் சூழப்பட்டது. அவர்கள் கையில் இருந்தவை சக்கிமுக்கித் துப்பாக்கிகள். கிண்ணியில் இட்ட மருந்து மழையில் கூழாயிற்று. துப்பாக்கி வெடிக்கவில்லை. சதுரமாக அணிவகுத்து, சனியன் என்று நம்மவர் சொல்லும் துப்பாக்கி ஈட்டியை நீட்டியபடி நின்றனர். ஒருவர் இறந்தார், பலர் காயமுற்றனர். இரவில் அவர்களைத் தேடிச் சென்று மீட்டது கடற்படைச் சிப்பாய்களின் இரண்டு கம்பெனி. அவர்களிடம் இருந்தவை கேப்புத் துப்பாக்கிகள். அதே மழையில் அவை வெடித்தன.

சென்னைப் பட்டாளத்தில் தமிழரும் தெலுங்கரும் கலந்து சேவித்த காலம் அது. எவனோ ஒருவன் நம் நாட்டுக் கிராமத்தில் பிறந்து, மாதச் சம்பளத்துக்காகக் கடல் கடந்து, தனக்குத் தொடர்பில்லாத யுத்தத்தில், ஈரமான ஒரு சிட்டிகை மருந்தை விரலால் துடைத்தபடி நின்றிருக்கிறான். பற்றுவாய் என்ற சொல் அவனுக்குத் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

அந்தக் கேப்பு எங்கிருந்து வந்தது? அதற்கு வழி திறந்தவர் போர்வீரர் அல்லர், பாதிரியார். ஸ்காட்லாந்தில் பெல்ஹெல்வி என்னும் ஊரின் அலெக்சாண்டர் ஜான் ஃபோர்சைத் நீர்ப்பறவை சுடுவதில் பிரியமுள்ளவர். கிண்ணியில் எழும் சுடரைக் கண்டே பறவைகள், குண்டு வருமுன் மூழ்கியும் பறந்தும் தப்பின. அடித்தால் வெடிக்கும் ஃபல்மினேட் உப்பைக் கொண்டு வெளிச்சுடர் இல்லாமலே பற்றவைக்கும் முறையை அவர் கண்டு 1807இல் காப்புரிமை பெற்றார். பின்னர் வந்தோர் அந்த உப்பைச் சிறு செப்புக் குல்லாயின் அடியில் பூசி வைத்தனர். குழலின் அடியில் உள்ள துளையுள்ள முளை மேல் குல்லாயை மாட்டிக் குதிரையால் அடித்தால், சுடர் நேரே உள்ளே பாயும். தீபாவளிக் கேப்புக்கு இது பெரியண்ணன். மழை உள்ளே புக வழியில்லை, கிண்ணியே இல்லையே.

இனி மாற்று மருந்துக்கு வருவோம். கருமருந்து நன்றாகப் பற்றுகிறதென்றால் அதை ஏன் மாற்ற வேண்டும்? அது வேண்டாதபோதும் நன்றாகப் பற்றுவதே காரணம். மருந்தாலைகளின் வரலாறு விபத்துகளின் வரலாறு. இலவாசியேயிடம் மருந்துக் கலையைக் கற்ற எல்யூதேர் இரேனே து போன் அமெரிக்காவுக்குப் போய் 1802இல் பிராண்டிவைன் ஆற்றங்கரையில் ஆலை தொடங்கியபோது, மூன்று பக்கம் கனத்த கற்சுவரும் ஆற்றுப் பக்கம் மெல்லிய சுவருமாகக் கட்டினார். வெடித்தால் ஆற்றின் பக்கம் போகட்டும் என்பது எண்ணம். இன்றும் அமெரிக்கச் சட்டத்தில் கருமருந்து வெடிபொருள். அதை விற்கும் கடைக்குத் தனி உரிமமும் தனிக் கிடங்கும் வேண்டும். பல கடைக்காரர் அந்தத் தொல்லையே வேண்டாம் என்று விட்டுவிட்டனர்.

இந்த நிலையில் 1970களில் டான் பாவ்லாக் என்பவர் கருமருந்துக்கு மாற்றாகப் பைரோடெக்ஸ் என்பதைக் கண்டார். ஹாட்ஜ்டன் என்னும் கம்பெனி அதை 1976இல் விற்பனைக்குக் கொண்டு வந்தது. ‘அபாயம் குறைந்த மருந்து’ என்பது அதன் பெருமை. ஆயினும் 1977 சனவரியில் ஆலையில் நேர்ந்த விபத்தில் பாவ்லாக்கும் உடன் உழைத்த சிலரும் உயிரிழந்தனர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வெடியுப்பும் கரியும் கந்தகமும் அதிலும் உண்டு. அவற்றோடு பர்குளோரேட் முதலிய வேறு பொருள்களும் சேர்ந்துள்ளன. அது பற்றுவதற்குக் கருமருந்தை விட மிகுந்த உஷ்ணம் வேண்டும். அதனால்தான் அதைச் சாதாரணக் கடையின் அலமாரியில் வைக்க முடிகிறது. அதனால்தான் சக்கிமுக்கித் துப்பாக்கிக்கு அது உதவுவதில்லை. நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: குணமும் குற்றமும் இங்கே இரண்டல்ல, ஒன்றே. கடைக்காரரைக் காக்கும் அதே பண்பு வேட்டைக்காரரைக் கைவிடுகிறது.

நண்பரின் துப்பாக்கியில் நடந்தது இப்போது விளங்கும். கிண்ணியிலிருந்த கருமருந்து முறைப்படி எரிந்தது. அதன் சுடரில் பெரும்பகுதி வெளியே காற்றில் போயிற்று. ஊசித்துளை வழியே உள்ளே போனது சிறு நாக்கு. கருமருந்தாயிருந்தால் அது போதும். உள்ளே இருந்ததோ மாற்று மருந்து. அதன் ஓரத்தில் ஒன்றிரண்டு மணிகள் அரைகுறையாகப் பற்றிக் கனன்றிருக்க வேண்டும். அடுப்பில் வறட்டி கனன்று கனன்று திடீரென்று குப்பென்று பிடிப்பதை நம் வீடுகளில் பார்த்ததில்லையா? அவ்வாறு கனல் போதிய அளவு திரண்டபோது மருந்து முழுதும் பற்றிற்று. அதற்குள் குழல் மானை விட்டுச் சிற்றப்பாவின் பக்கம் திரும்பிவிட்டது.

நான் சொல்லும் இந்த விளக்கத்துக்கு ஒரு சாட்சி மருந்து செய்பவர்களிடமே உள்ளது. பைரோடெக்ஸை அளக்கும் தொல்லையில்லாமல் உருளை வில்லைகளாகவும் விற்கின்றனர். அந்த வில்லையின் ஒரு முனை மட்டும் கறுத்திருக்கும். அது என்ன தெரியுமா? பழைய கருமருந்தின் மெல்லிய பூச்சு! அந்த முனை பற்றவைக்கும் பக்கம் நோக்கி இருக்கும்படி இடவேண்டும் என்பது விதி; தலைகீழாக இட்டால் பற்றுவது சந்தேகம். தாத்தாவை ஓய்வில் அனுப்பிவிட்டோம் என்று சொல்லிக்கொண்டு, அடுப்பு மூட்ட மட்டும் தாத்தாவைக் கூப்பிடுகிறார்கள்.

பின்னர் வேறு மாற்றுகளும் வந்தன. கந்தகமே இல்லாத ‘டிரிப்பிள் செவன்’ ஒன்று. அழுகிய முட்டை நாற்றம் இதில் இல்லை, தண்ணீரால் எளிதில் கழுவலாம். ஆனால் ஒரே கொள்ளளவுக்குக் கருமருந்தை விட வேகம் மிகுதி. ஆகவே நூற்றுக்குப் பதினைந்து குறைத்து இட வேண்டும். 2008இல் வந்த ‘பிளாக்ஹார்ன் 209’ இன்னொன்று. இது நைட்ரோசெல்லுலோஸ் இனத்தது. பழைய கேப்பால் கூட இதை நம்பிப் பற்றவைக்க முடியாது. வேட்டைத் தோட்டாவில் வைக்கும் 209 என்னும் வலிய பிரைமரே வேண்டும். அதன் பெயரிலேயே அந்த எண் ஏறியிருக்கிறது. பிரைமர் பொருத்தும் புதுவகைத் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு இது மிக நல்ல மருந்து. சக்கிமுக்கித் துப்பாக்கியில் இது மணலுக்குச் சமம்.

அளவு பற்றிய ஓர் எச்சரிக்கையை இங்கே சொல்லியாக வேண்டும். இம்மருந்துகளை எடையால் அன்று, கொள்ளளவால் அளக்கிறார்கள். ‘நூறு கிரெயின்’ என்றால் நூறு கிரெயின் எடையுள்ள கருமருந்து கொள்ளும் படி என்று பொருள். அதே படியில் பைரோடெக்ஸை அளந்தால் எடை எழுபது கிரெயின் அளவில்தான் வரும். அதுவே சரியான அளவு. இதை அறியாமல் தராசில் நூறு நிறுத்து இட்டால் மிகையாகிவிடும். இன்றைய தோட்டாக்களில் உள்ள புகையில்லா மருந்தைப் பழைய குழலில் இடுவது பற்றிப் பேச்சே வேண்டாம். அது குழலைப் பிளந்து சுடுபவனையே கொல்லும். பெயரில் ‘மருந்து’ என்று இருப்பதெல்லாம் ஒன்றல்ல. இருமல் மருந்தும் எலி மருந்தும் ஒன்றா?

அழுக்கு பற்றியும் இரண்டு வார்த்தை. கருமருந்து எரிந்தால் அதன் எடையில் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சுகிறது. புகையாகக் காண்பதும் குழலில் கரியாகப் படிவதும் அதுவே. அப்படிவு ஈரத்தை உறிஞ்சி இரும்பை அரிக்கும். பற்றுவாயை அடைத்து அடுத்த முறை சுடரை உள்ளே விடாது. வெடிக்காத துப்பாக்கிகளில் பல மருந்தின் குற்றத்தால் அல்ல, முந்திய நாள் சோம்பலால் வெடிக்காதவை. மாற்று மருந்து வாங்கினால் கழுவ வேண்டியதில்லை என்று எண்ணுவோரும் உண்டு. பர்குளோரேட் எரிந்தால் குளோரைடு மிஞ்சுகிறது. அது சமையல் உப்பின் உறவினன். கடற்கரையில் சைக்கிளை விட்டு வைத்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. துடைத்த பின் மிஞ்சும் எண்ணெயும் ஒரு பகைவன். கெட்டிக்குமுன் பற்றுவாயை ஒரு கம்பியால் குத்தி, உலர்ந்த துணியால் குழலைத் துடைப்பவரின் துப்பாக்கியே முதல் வெடியில் ஏமாற்றாதது.

2021இல் கருமருந்து ஏன் கிடைக்கவில்லை என்ற காரணம் சொல்வதாக வாக்களித்தேன். அமெரிக்காவில் வேட்டைக்கான கருமருந்தைச் செய்து வந்த பெரிய ஆலை கோயெக்ஸ் என்பது. து போன் கம்பெனியின் பழைய பென்சில்வேனிய ஆலையின் வழிவந்தது; 1997இல் லூசியானா மாநிலத்துக்குப் பெயர்ந்தது. 2009 முதல் அதன் உடைமையாளர் மேலே சொன்ன ஹாட்ஜ்டன். 2021 செப்டம்பரில் அந்த ஆலையை மூடப்போவதாக அறிவித்தனர். சுவிட்சர்லாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வரும் மருந்து கிராக்கிக்குப் போதவில்லை. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் எஸ்டிஸ் என்னும் கம்பெனி ஆலையை வாங்கி மீண்டும் நடத்த முன்வந்தது. இது பிள்ளைகள் விளையாடும் பொம்மை ராக்கெட் செய்யும் கம்பெனி! அந்த ராக்கெட்டின் வயிற்றில் எரிவதும் கருமருந்துதான். பிள்ளைகளின் விளையாட்டு இல்லாவிட்டால் பென்சில்வேனிய வேட்டைக்காரர் இன்றும் சிமிழைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பர்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? நண்பருக்கு நான் சொன்ன விடை இது. சக்கிமுக்கித் துப்பாக்கியானால் கருமருந்து ஒன்றே. கிண்ணியிலும் அதுதான், குழலிலும் அதுதான். சாதாரணக் கேப்புத் துப்பாக்கியானால் கருமருந்து முதலிடம். கிடைக்காதபோது பைரோடெக்ஸ் வகையை நன்றாக இறுக்கிக் கெட்டித்து, புதிய, சூடு மிகுந்த கேப்போடு பயன்படுத்தலாம். பிரைமர் வகையானால் மாற்று மருந்து எதுவும் ஆகும். குழலின் அடியில் சிறிது கருமருந்தும் அதன் மேல் மாற்று மருந்துமாக அடுக்கிச் சுடுவோரும் உண்டு. பற்றுவது பற்றும், ஆனால் இரு மருந்தைக் கலப்பதில் அழுத்தம் எவ்வளவு எழும் என்பதைச் சுடுபவர் அறிய வழியில்லை. நான் அதைச் சொல்லமாட்டேன். நம் நாட்டில் உரிமம் இல்லாமல் இவற்றில் எதையும் கையாலும் தொடலாகாது என்பதை நம் சங்கத்து இளைஞர்களுக்குத் தனியே சொல்கிறேன்.

மருந்து எதுவானாலும், விசையை இழுத்தும் வெடிக்காவிட்டால் குழலை எங்கும் திருப்பக் கூடாது. குறி நோக்கியபடியே, ஆளில்லாத திசையில், குறைந்தது ஒரு நிமிடமாவது அசையாமல் பிடித்திருக்க வேண்டும். இரண்டு நிமிடமானால் இன்னும் நன்று. இதை யாரும் முன்பே சொல்லவில்லையா என்று நண்பரைக் கேட்டேன். சிற்றப்பா ஐந்தாறு முறை சொல்லியிருந்தாராம். மான் ஓடிய கணத்தில் மறந்து போயிற்று என்றார்.

என் விளக்கத்தை அவர் ஆங்கிலத்தில் எழுதிச் சிற்றப்பாவுக்கு அனுப்பினார். சென்ற வாரம் பதில் வந்தது. இரசாயனம் எல்லாம் தமக்கு விளங்கிற்று என்றும், அன்று வாங்கிய மாற்று மருந்தில் அரை டப்பா இன்னும் மாடத்தில் இருக்கிறது என்றும், கேப்புத் துப்பாக்கி ஒன்று வாங்கிக்கொண்டால் அதை இலவசமாகவே தருவதாகவும், அதைச் சுடும்போது மட்டும் தாம் வீட்டில் இருந்துகொள்வதாகவும் எழுதியிருந்தார்.